இருவர் கைபட்டால் திறக்கும் பெட்டி

எங்கள் மறுவாழ்வுப் பிரிவின் பயிற்சிக் கூடத்தில், சன்னலோரமாக, ஏழடி நீள மேசை ஒன்று கிடக்கிறது. அதன் நடுவே செருப்புக்கடை அட்டைப்பெட்டி அளவில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. அதற்குப் பூட்டில்லை, சாவித்துளையும் இல்லை. மூடியின் நான்கு மூலைகளிலும் உள்ளங்கையால் அழுத்தக்கூடிய நான்கு பெரிய பொத்தான்கள் உள்ளன. பெட்டியிலிருந்து புறப்படும் இரண்டு ஒயர்கள், மேசையின் இரு முனைகளிலும் பதித்த பித்தளைத் தகடுகளில் சென்று முடிகின்றன. புதிதாக வருவோர் பலரும் இதைக் கண்டதும், "இன்னா மிஷினு இது, ஷாக் குடுக்கறதா?" என்று கேட்டுவிட்டுச் சற்று விலகியே அமர்கிறார்கள். மின்சாரத்தைப் பற்றிய அந்த அச்சத்திற்கு விடை இக்கட்டுரையிலேயே வரும். அதற்கு முன், இப்படியொரு பெட்டியை நாங்கள் ஏன் செய்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறோம்.

பக்கவாதத்தால் மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டவர்களுள் பலருக்கு வலக்கையும் வலக்காலும் தளர்வதோடு பேச்சும் போய்விடுகிறது. இதனை மருத்துவத்தில் அபேசியா என்பர். தமிழில் பேச்சிழப்பு எனலாம். 1861ஆம் ஆண்டில் பாரிஸ் நகர மருத்துவர் பால் புரோக்கா ஒரு நோயாளியைப் பற்றி அறிவித்தார். அந்த மனிதர் எதைக் கேட்டாலும் 'டான்' என்ற ஓர் ஒலியையே விடையாகக் கூறுவார். ஆனால் பிறர் கூறுவதை அவர் பெரும்பாலும் புரிந்துகொண்டார். அவர் இறந்த பின் மூளையைச் சோதித்த புரோக்கா, அதன் இடப்பக்க முன்பகுதியில் சிதைவு இருக்கக் கண்டார். பேச்சிழப்பு அறிவிழப்பு ஆகாது என்பதை ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக மருத்துவ உலகம் அறிந்திருக்கிறது. வீடுகளில்தான் அது இன்னும் போதிய அளவு தெரியவில்லை.

எங்கள் அறையில் அன்றாடம் நிகழ்வது இதுதான். "காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று நோயாளியைப் பார்த்துக் கேட்போம். "ரெண்டு இட்லி" என்று பின்னால் நிற்கும் மனைவியோ மகளோ விடை சொல்லிவிடுவார். வலி எங்கே என்று கேட்டாலும், தூக்கம் வருகிறதா என்று கேட்டாலும் அவ்வாறே. அன்பினால்தான் சொல்கிறார்கள், நேரம் மிச்சமாகட்டும் என்றும் சொல்கிறார்கள். வியாசர்பாடியிலிருந்தும் எருக்கஞ்சேரியிலிருந்தும் அரைநாள் கூலியை விட்டுவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து வந்து வரிசையில் நிற்பவர்களிடம் பொறுமையைப் பற்றி நாங்கள் பாடம் நடத்த முடியாது. ஆயினும் இரண்டு மூன்று மாதங்களில் ஒன்று நேர்ந்துவிடுகிறது. கேள்வி கேட்டதும் நோயாளியே தலையைத் திருப்பி, உடனிருப்பவரின் முகத்தைப் பார்க்கத் தொடங்குகிறார். தம்மிடம் கேட்கப்படும் கேள்வி தமக்குரியதன்று என்று அவர் முடிவுகட்டிவிட்டார் என்பதே அதன் பொருள். தளர்ந்த கைக்குப் பயிற்சி உண்டு. இதற்கு என்ன செய்வது?

உடனிருப்பவர் தனியாகச் செய்ய இயலாததும், நோயாளி தனியாகச் செய்ய இயலாததுமான ஒரு வேலை வேண்டும் என்று நினைத்தோம். அது பயிற்சி போலத் தோன்றாமல் விளையாட்டாக இருக்க வேண்டும். அந்த எண்ணமே இப்பெட்டியாயிற்று.

புதிர்ப்பெட்டி என்பது புதிதன்று. ஜப்பானின் ஹகோனே மலைப்பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் மரத்தாலான இரகசியப் பெட்டிகளைச் செய்துவருகிறார்கள். பக்கப் பலகைகளைச் சரியான வரிசையில் சிறிது சிறிதாக நகர்த்தினால்தான் மூடி திறக்கும். சில பெட்டிகளுக்கு நான்கைந்து நகர்த்தல்கள் போதும். எழுபதுக்கும் மேற்பட்ட நகர்த்தல்கள் தேவைப்படுவனவும் உண்டு. புவிசார் குறியீடு பெற்ற நம் திண்டுக்கல் பூட்டைத் திறக்க அதற்குரிய சாவி கையில் இருந்தால் போதும். ஹகோனே பெட்டிக்குச் சாவி வேண்டாம். திறக்கும் முறை தெரிந்திருக்க வேண்டும், அதையும் யாரேனும் ஒருவர் உங்களுக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டும்.

மின்னணுப் புதிர்ப்பெட்டிகளுள் எங்களை மிகவும் கவர்ந்தது 2009ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாசைச் சேர்ந்த மிக்கல் ஹார்ட் என்ற நிரலர் செய்தது. திருமணமாகிப் பிரான்சில் குடியேறிய தம் நண்பருக்கு அவர் அதைப் பரிசாக அனுப்பினார். பெட்டியின் மேல் ஒரே ஒரு பொத்தான். அருகில் ஒரு சிறு திரை. பொத்தானை அழுத்தினால், செல்ல வேண்டிய இடம் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்பது மட்டும் திரையில் தெரியும். எந்தத் திசை என்று காட்டாது. வெவ்வேறு இடங்களுக்குப் போய் அழுத்திப் பார்த்து, அத்தொலைவுகளைக் கொண்டு வரைபடத்தில் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஐம்பது முறைதான் அழுத்தலாம். பிரிட்டனி கடற்கரையை அடுத்த பிரேயா என்னும் தீவில் போய் நின்றபோதுதான் அது திறந்தது. உள்ளே இருந்த பொருளைவிட, புதுமணத் தம்பதியர் இருவரும் சேர்ந்து அந்தத் தீவு வரை பயணம் போனதே பரிசு என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

தொடுதலைத் தொலைவுக்கு அனுப்ப முயன்றவர்களும் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் ஹிரோஷி இஷியின் குழுவினர் 1990களின் பிற்பகுதியில் 'இன்டச்' என்றொரு கருவியை உருவாக்கினர். மூன்று உருளைகள் பொருத்திய இரு பலகைகள் அதில் இருந்தன. ஓரிடத்தில் ஒருவர் உருளையை உருட்டினால், வேறிடத்தில் உள்ள உருளையும் மற்றவரின் கையடியில் அவ்வாறே உருளும். பேச்சும் இல்லை, படமும் இல்லை. எதிர்முனையில் ஒருவர் இருக்கிறார் என்பது மட்டும் கைக்குத் தெரியும்.

இவ்வளவு தொலைவு போகாமல் சென்னையிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. கோட்டூர்புரத்தில் 1985 முதல் இயங்கிவரும் வித்யாசாகர் அமைப்பு, மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்குப் படப்பலகைகளின் வழியே பேசக் கற்றுத் தந்துவருகிறது. அஜித் நாராயணன் என்ற பொறியாளர் அத்தகைய குழந்தைகளுக்காக 'ஆவாஸ்' என்னும் பேச்சுக்கருவியை உருவாக்கினார். படத்தைத் தொட்டால் கருவி அச்சொல்லைக் குரலாக்கும். இதற்காக எம்.ஐ.டி.யின் தொழில்நுட்ப இதழ் 2011ஆம் ஆண்டில் உலகின் இளம் கண்டுபிடிப்பாளர்கள் பட்டியலில் அவரைச் சேர்த்தது. வாய் பேசாவிட்டாலும் விரல் பேசும் என்பதை அக்கருவியிடமிருந்தே நாங்கள் கற்றோம். எங்கள் பெட்டியின் நான்கு பொத்தான்களும் அங்கிருந்து வந்தவை.

இனிப் பெட்டியின் உள்ளே பார்ப்போம். ஆர்டுயினோ எனப்படும் சிறு மின்னணுப் பலகை ஒன்று இருக்கிறது. 2005ஆம் ஆண்டில் இத்தாலியின் இவ்ரேயா நகரில், பொறியியல் படிக்காத மாணவர்களும் எளிதில் பயன்படுத்தட்டும் என்று உருவாக்கப்பட்டது அது. எங்களுக்கும் அப்படித்தான் பயன்பட்டது. தாழ்ப்பாளை இழுக்க விரலளவு மோட்டார் ஒன்று. குரலை ஒலிக்க மெமரி கார்டு பொருத்திய சிறு பலகையும் ஸ்பீக்கரும். இவை அனைத்தும் ரிச்சி தெருவில் கிடைத்தன. மரவேலையை எங்கள் தச்சரே செய்து தந்தார்.

முதல் பூட்டு மனித உடல்தான். நம் உடலில் உப்புநீர் இருப்பதால் அது சிறிதளவு மின்சாரத்தைக் கடத்தும். நோயாளி தம் நல்ல கையை ஒரு தகட்டின் மேல் வைக்க வேண்டும். உடனிருப்பவர் மறுமுனைத் தகட்டின் மேல் ஒரு கையை வைத்து, மறு கையால் நோயாளியின் தளர்ந்த கையைப் பற்றிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் சுற்று முழுமையடையும். கையை விட்டால் சுற்று அறுந்துவிடும். ஏழடி மேசை எதற்கு என்று பலர் கேட்டார்கள். ஒருவர் இரு கைகளையும் விரித்தால் கிடைக்கும் நீளம் ஏறத்தாழ அவருடைய உயரமே. ஆகவே, ஏழடி இடைவெளியில் உள்ள இரு தகடுகளையும் எவரும் தனியாகத் தொட முடியாது. அவசரக்கார மருமகன்களை மனத்தில் வைத்தே இந்த அளவைத் தேர்ந்தோம்.

சுற்று முழுமையடைந்ததும் பெட்டியிலிருந்து ஒரு குரல் கேட்கும். உறவினரோ நண்பரோ முன்கூட்டியே பதிந்து தந்த குரல் அது. நோயாளியிடம் ஒரு கேள்வி கேட்கும். விடையை நான்கு பொத்தான்களுள் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தேவையானால் பொத்தான்களின் மேல் படங்களை ஒட்டிக்கொள்ளலாம். இங்கே நாங்கள் ஒரு விதி வைத்திருக்கிறோம்: அக்கேள்விக்கு விடை நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும், உடனிருப்பவருக்குத் தெரிந்திருக்கக் கூடாது.

முதலில் செய்த பெட்டி தோல்வியுற்றது. விடை தவறினால் சிவப்பு விளக்கு எரிந்து 'பீப்' என ஒலிக்குமாறு அதை அமைத்திருந்தோம். ஓர் அம்மையார் இரண்டு முறை அந்த ஒலியைக் கேட்டார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு சன்னலைப் பார்த்துத் திரும்பிவிட்டார். அன்று மாலையே விளக்கையும் ஒலியையும் கழற்றினோம். இப்போது விடை பொருந்தாவிட்டால் பெட்டி பேசாமல் இருக்கும். சற்று நேரத்திற்குப் பின் அதே குரல் அதே கேள்வியை மறுபடியும் கேட்கும். ஹார்ட் தம் நண்பருக்கு ஐம்பது வாய்ப்புகள் தந்தார். நாங்கள் எண்ணிக்கையே வைக்கவில்லை.

வேறு சில இடர்களும் வந்தன. சில நாள்கள் பெட்டி அறவே பேசாது. ஒயரையும் செல்லையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். காரணம் தேங்காய் எண்ணெய். தளர்ந்த கைக்கு எண்ணெய் தடவி நீவிவிட்டுத்தான் வீட்டிலிருந்து அழைத்து வருகிறார்கள். எண்ணெய் மின்சாரத்தைத் தடுக்கும். ஈரத்துணியால் இருவர் கையையும் துடைத்ததும் பெட்டி பேசிற்று. குளிரூட்டப்பட்ட அறையிலிருந்து நேரே வருவோரின் வறண்ட கைகளுக்கும் அதே வைத்தியம்தான். முதலில் திரையொன்றைப் பொருத்தி எழுத்தில் கேள்வி கேட்கவும் எண்ணியிருந்தோம். மலிவாகக் கிடைக்கும் இருவரித் திரையில், நாமாக வரைந்து சேர்க்கும் எழுத்துருக்கள் ஒரே சமயத்தில் எட்டுக்கு மேல் நிற்கா. எட்டு எழுத்துருக்களைக் கொண்டு தமிழில் என்ன கேட்பது? அதனால்தான் குரலுக்கு மாறினோம். அதுவே நல்லதாயிற்று, பேச்சிழந்த பலருக்குப் படிப்பதும் கடினமாகிவிடுகிறது.

உரியவர்களின் ஒப்புதலோடு, அடையாளம் குறிப்பிடாமல் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம்.

வியாசர்பாடி ஜீவா இரயில் நிலையத்தை அடுத்த பகுதியிலிருந்து, அறுபது வயதைக் கடந்த ஒருவர் மகளோடு வந்துகொண்டிருந்தார். லாரிப் பட்டறையில் வேலை பார்த்தவர். வலப்பக்கம் தளர்ந்திருந்தது. 'ஆமா' என்ற ஒரு சொல் மட்டுமே வரும். இல்லை என்பதற்கும் அதையே சொல்வார். ஆகவே, அவர் சொல்லும் 'ஆமா'வை வீட்டில் எவரும் பொருட்படுத்துவதில்லை. அவரைப் பார்க்க வந்த பழைய நண்பர் ஒருவர், இருவரும் இளமையில் கேரம் ஆடியவர்கள் என்றார். வியாசர்பாடியில் இதில் வியப்பில்லை. தெருவுக்குத் தெரு கேரம் பலகை உள்ள ஊர் அது. 2008ஆம் ஆண்டில் உலகப் பட்டம் வென்ற இளவழகி அந்த மண்ணைச் சேர்ந்தவர். கேரம் பலகைக்கு நான்கு மூலைகள், எங்கள் பெட்டிக்கும் நான்கு பொத்தான்கள். கேள்வியைப் பதிந்து தருமாறு அந்த நண்பரையே கேட்டுக்கொண்டோம்.

மறுவாரம் தந்தையும் மகளும் மேசைமுன் அமர்ந்தார்கள். மகள் தந்தையின் வலக்கையைப் பிடித்துக்கொண்டு மறு கையைத் தகட்டில் வைத்தார். தந்தை இடக்கையை நீட்டி மறு தகட்டைத் தொட்டார். பெட்டி பேசிற்று: "மச்சான், அந்தக் கடைசி போர்டு நெனப்பிருக்கா? எனக்கு ஒரே காய்தான் பாக்கி. ரெட்டு இன்னும் நடுவுலயே நிக்குது. நீ ரெட்ட எந்த மூலைல போட்ட?"

அவர் முகம் மலர்ந்தது. பெட்டியைத் தம் பக்கம் இழுத்து, தமக்கு அருகிலுள்ள இடமூலைப் பொத்தானை அழுத்தினார். பெட்டி திறக்கவில்லை. குரல் மறுபடி கேட்டது. அவர் மறுபடியும் அதே பொத்தானை அழுத்தினார். மூன்றாம் முறையும் அதையே அழுத்தினார். "மறந்துட்ச்சி போல, பாவம். வேற எதுனா அழுத்து நைனா" என்றார் மகள். அவர் "ஆமா, ஆமா" என்று சினத்தோடு கையை உதறினார். எங்களுள் ஒருவரும், நினைவும் பாதிக்கப்பட்டிருக்கலாமோ என்று குறிப்பேட்டை எடுத்துவிட்டார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சற்று நேரம் அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடக்கையால் அதன் விளிம்பைப் பற்றி, மெல்ல மெல்லத் தள்ளி, பெட்டியை அரைவட்டமாகத் திருப்பினார். ஒயர்கள் முறுக்கிக்கொண்டன. முன்பு எதிர்ப்புற வலமூலையில் இருந்த பொத்தான் இப்போது அவருக்கு அருகே இடப்பக்கம் வந்து நின்றது. அதை அழுத்தினார். தாழ்ப்பாள் விலகிற்று.

பிழை எங்களுடையது. கேரமில் இருவர் எதிரெதிரே அமர்ந்து ஆடுவார்கள். ஒருவருக்கு எதிர்ப்புற வலமூலையாகத் தெரிவது மற்றவருக்கு அருகிலுள்ள இடமூலை. நண்பர் தாம் அமர்ந்திருந்த பக்கத்திலிருந்து பார்த்தபடி விடை சொல்லியிருந்தார். நாங்களும் அப்படியே பதிந்துவிட்டோம். கூடத்தில் இருந்த பேசத் தெரிந்தவர்கள் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. ஒரு சொல் மட்டுமே உள்ளவர் அதைக் கண்டுபிடித்து, எங்களுக்கும் செய்து காட்டினார்.

பெட்டியினுள் நண்பர் வைத்திருந்த பழைய ஸ்ட்ரைக்கர் இருந்தது. மகள் அதை எடுத்துத் தந்தையின் தளர்ந்த உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "யார் ஜெயிச்சது நைனா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, வழக்கத்திற்கு மாறாக, எங்களைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இடக்கையால் தம் மார்பைத் தட்டிக்காட்டினார். (நண்பரின் கூற்று வேறு.)

இப்பெட்டியால் பக்கவாதம் குணமாகும் என்று நாங்கள் கூறவில்லை. இயன்முறைப் பயிற்சிக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் இது மாற்றாகாது. ஒன்றையும் இதற்காக நிறுத்தக் கூடாது. வெளிநாட்டில் இருக்கும் மகனோடு கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுவதற்கும் இது போட்டியன்று. அவரும் வாட்ஸ்அப்பில் குரலைப் பதிந்து அனுப்பினால் பெட்டியில் ஏற்றித் தருகிறோம்.

இனி அந்த ஷாக் கேள்விக்கு வருவோம். பெட்டி வீட்டு மின்சாரத்தில் இயங்குவதன்று. மீண்டும் மின்னேற்றக்கூடிய பென்சில் செல்கள் நான்கு உள்ளன; மொத்தம் 4.8 வோல்ட். தகட்டுக்கும் சுற்றுக்கும் இடையே 10 இலட்சம் ஓம் மின்தடை இருப்பதால், உடலின் வழியே செல்லக்கூடியது ஆம்பியரில் பத்து இலட்சத்தில் ஐந்து பங்குதான். மின்சாரம் பாய்வதை மனிதர் உணரத் தொடங்கும் அளவு ஏறத்தாழ ஒரு மில்லிஆம்பியர். இது அதில் இருநூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும் இதயத்தில் பேஸ்மேக்கர் போன்ற கருவி பொருத்தியிருப்பவர்களை, நோயாளியாயினும் உடனிருப்பவராயினும், நாங்கள் தகட்டைத் தொட விடுவதில்லை. அவர்களுக்கு இரு முனைகளிலும் சாதாரண அழுத்துபொத்தான்கள் வைத்துத் தருகிறோம். கையில் ஆறாத புண் இருந்தால் முன்னதாகவே சொல்லுங்கள். ஒவ்வொருவர் பயன்படுத்திய பின்னும் தகடும் பொத்தான்களும் ஸ்பிரிட்டால் துடைக்கப்படும்.

இதைப் பார்த்து வீட்டில் செய்ய விரும்பும் பிள்ளைகளுக்கு இரண்டு செய்திகள். சுவரில் உள்ள பிளக்கோடு இணைந்த எதையும், சார்ஜர் உட்பட, இத்தகைய தகட்டோடு சேர்க்கவே கூடாது. காசு வடிவ பட்டன் செல்களையும் தவிர்த்துவிடுங்கள். சிறு குழந்தை அதை விழுங்கினால் உணவுக்குழாய் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே வெந்துபோகலாம். அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்கச் செய்ய முயலாமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுவர வேண்டும்.

பெட்டியைப் பயன்படுத்த விரும்புவோர் பயிற்சிக் கூடத்துப் பொறுப்பாளரிடம் கூறினால் போதும். கட்டணம் இல்லை. கேள்வி பத்து வினாடிக்குள் முடிய வேண்டும். வீட்டில் பேசும் பேச்சிலேயே இருக்கட்டும். நோயாளியின் பழைய நண்பர்கள், வேலைத்தோழர்கள், உடன்பிறந்தோர் எவரேனும் பதிந்து தரலாம். விடையை எங்களிடம் மட்டும் சொல்லுங்கள். கேரம் பற்றிய கேள்வியானால், நீங்கள் எந்தப் பக்கம் அமர்ந்திருந்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.